ஒரு துப்பாக்கியின் இரண்டு வடுக்கள்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. மழை தகரத்தில் அடிக்கிற அடிக்கு என் குரல் உங்களுக்கு எட்டாமல் போய்விடும். மடியில் குழந்தை வைத்திருப்பவர்கள் சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு துப்பாக்கியின் கதை சொல்லப் போகிறேன். துப்பாக்கி என்றதும் முகம் சுருங்க வேண்டாம். இந்தக் கதையில் யாரும் சாகமாட்டார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் சாவு இல்லை என்பதற்காகத் துக்கமும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

தொண்ணூற்றியோராம் வருஷம் அது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் எப்படி நாளைக் கழித்தார்கள் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. டீக்கடையில் புதுமுகம் ஒன்று வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும். கல்யாண வீட்டில் சரவெடி போட்டால் பந்தலுக்கு முன்னே ஜீப் வந்து நிற்கும். ஜனங்களுக்குப் போலீசைக் கண்டு பயம். போலீசுக்கு மேலிடத்தைக் கண்டு பயம். இரண்டு பயமும் ஒரே சந்தில் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது, சொல்லுங்கள்.

பென்னலூரில் தணிகாசலம் என்று ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். லைசென்ஸ் வாங்கி ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். நெல் விளைந்த பூமியில் கம்பெனிக்காரர்கள் அப்போதுதான் ஒவ்வொருவராக வந்து காம்பவுண்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கியோடு வருகிற பட்டாளத்துக்காரர் என்றால் வாட்ச்மேன் வேலை உடனே கிடைக்கும். அப்படி, பாதி கட்டி நின்ற ஒரு கம்பெனிக்கு அவர் காவல்.

மனைவி பாஞ்சாலி. ஒரே மகன் ரஞ்சித், பஜாரில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். இரும்பைச் சுழல விட்டுச் சீவுகிற வேலை. உளி இரும்பில் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் விரல் நடுக்கத்திலேயே சொல்லிவிடுவான் என்று பட்டறை முதலாளி பெருமைப்படுவார். அந்த ஆவணியில்தான் வல்லத்துப் பெண் ஜெயசீலியை விரும்பிக் கட்டிக்கொண்டான். அவர்கள் வேதக்காரக் குடும்பம். மகளை அனுப்பி வைக்கும்போது ஜெயசீலியின் தாய் மாதா கோயில் வாசலில் நிறுத்தி, போகிற வீட்டில் எதை வேண்டுமானாலும் செய், அவர்கள் பூஜையில் மட்டும் கை வைக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இந்தப் பக்கம் பாஞ்சாலிக்கு வேறு குறை. மகனுக்குத் தலை தீபாவளி கொண்டாட மாமியார் வீடு இருந்தும் இல்லை என்று ஆகிவிட்டதே என்று, மருமகள் காது கேட்கும்படி அடுப்பங்கரைப் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இப்போது அந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதை நடுவில் மடக்கித் திறக்கலாம். திறந்தால் தோட்டாவின் முதுகு வந்து சாய்கிற ஓர் இரும்பு முகம் தெரியும். சின்ன வட்ட முகம், நடுவில் ஒரு துளை. விசையை இழுத்தால் அந்தத் துளை வழியாக ஓர் ஊசி எட்டிப் பார்த்துத் தோட்டாவின் முதுகில் குத்தும். குத்தினால் வெடிக்கும். குத்திய இடத்தில் ஒரு குழி விழும். தோட்டா காலியான பிறகும் அந்த வடு மட்டும் அப்படியே நிற்கும். துப்பாக்கியில் இவ்வளவு தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். அந்த வருஷம் ஒப்படைத்தது, மே மாதத்துக்குப் பிறகு திரும்பி வரவே இல்லை. புரட்டாசியில்தான் கொடுத்தார்கள், துருவேறி. தணிகாசலம் அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, திறந்தபடியே தையல் மிஷின்மேல் சாய்த்து வைத்தார். ஆயுத பூஜை வந்தது.

பாஞ்சாலி அன்றைக்கு ஊரில் இல்லை. தங்கையின் பிரசவத்துக்குப் பிள்ளைப்பாக்கம் போயிருந்தாள். காலையில் ரஞ்சித் புது மனைவியைப் பட்டறைக்கு அழைத்துப் போனான். லேத்துக்கு மாலை, வாழைக்கன்று, பொரி, அவல், திருஷ்டிப் பூசணி எல்லாம் ஜோராக இருந்தது. லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பாகம் ஒன்று உண்டு, வட்டமாக, நடுவில் துளையோடு. ரஞ்சித் நேரே அதில் போய்ச் சந்தனத்தை அப்பினான். ஏன் அங்கே என்று அவள் கேட்டாள்.

"மிஷினுக்கு மூஞ்சி எங்க கீதோ அங்கதான் வெக்கணும்" என்றான். "முதுவுல வெச்சா கோச்சிக்கும். உன்ன மாரி."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா, பின்னால் வெகு நாளைக்கு அது வரப்போவதில்லை.

சாயங்காலம் தணிகாசலம் டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில், தையல் மிஷின், சைக்கிள், அரிவாள்மணை, துப்பாக்கி எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு வைத்துவிடம்மா, பூஜை நாளில் ஆயுதத்தை எடுக்கக் கூடாது, அது வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெறும் தடியோடு போய்விட்டார். மாமனார் தன்னை நம்பிச் சொன்ன முதல் வேலை. தாய்க்குக் கொடுத்த சத்தியம் ஒரு பக்கம் இழுத்தது. பொட்டு வைப்பது பூஜை ஆகுமா, கதவுக்கு மஞ்சள் பூசுவது மாதிரிதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். துப்பாக்கியின் மரக்கட்டையில் ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டுப் பார்த்தால் அது முதுகு மாதிரி இருந்தது. மூஞ்சி எங்கே என்று தேடினாள். திறந்து கிடந்த வாய்க்குள்ளே, வட்டமாக, நடுவில் துளையோடு, லேத்தில் பார்த்த அதே முகம். கண்டுபிடித்த சந்தோஷத்தில் சந்தனத்தைத் தாராளமாகவே அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தாள்.

மறுநாள் தணிகாசலம் துப்பாக்கியை எடுத்தார். மரக்கட்டையில் இருந்த பொட்டைப் பார்த்து மருமகளைப் பார்த்துச் சிரித்தார். பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அவர் வழக்கம். குழலை நிமிர்த்தி மூடித் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து, தூறல் விழுகிற ஒரு விடியற்காலை. ரஞ்சித் அப்பாவுக்கு டீ வாங்கிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போயிருந்தான். பின்சுவர் ஏறிக் குதித்துச் செம்புக் கம்பி எடுக்க யாரோ வந்திருந்தார்கள். தணிகாசலம் அந்த மங்கலில் தோட்டா போட்டு வானத்தைப் பார்த்து விசையை இழுத்தார். 'ளொக்' என்று ஒரு சத்தம். வெடிக்கவில்லையே என்று நினைப்பதற்குள் வெடித்தது. இன்னொரு தோட்டா போட்டார். அது உடனே வெடித்தது. வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். எந்த வெடியானாலும் வந்து சொல்ல வேண்டும் என்பது அந்த வருஷத்துச் சட்டம். அதனால் விடிந்ததும் காலித் தோட்டா இரண்டையும் பொறுக்கிக்கொண்டு தானாகவே ஸ்டேஷனுக்குப் போனார். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். நடந்ததைச் சொன்னார். முதல் வெடி ஒரு நொடி தாமதித்து வெடித்ததையும் சொன்னார். என் பையனும் கூட இருந்தான் சார், அவனையே கேளுங்கள் என்றும் சொன்னார். சாட்சி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

இன்ஸ்பெக்டர் பெயர் திருநாவுக்கரசு. கெட்டவர் இல்லை, தூக்கம் கெட்டவர். அவர் அந்த இரண்டு தோட்டாவையும் மேஜைமேல் நிறுத்தி முதுகைப் பார்த்தார். ஒன்றில் குழி நட்டநடுவில், ஆழமாக, வட்டமாக இருந்தது. இன்னொன்றில் மையம் தவறி ஓரமாக, நகம் பட்டது போல லேசாக இருந்தது. ஒரே துப்பாக்கி எப்படி இரண்டு விதமாகக் குத்தும்? அப்படியானால் இரண்டு துப்பாக்கி. ஒன்றுக்கு லைசென்ஸ் இருக்கிறது, இன்னொன்று எங்கே? பக்கத்தில் நின்ற மகன் கையிலா? மகன் என்ன வேலை செய்கிறான்? லேத்தில். குழாயைக் கடைந்து துப்பாக்கி செய்யத் தெரிந்த கை.

அன்று மத்தியானமே பட்டறைக்கு ஜீப் போனது. யாருடைய போர்வெல் பம்புக்கோ கடைந்துகொண்டிருந்த குழாய்த் துண்டு லேத்தில் மாட்டியபடி இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டார்கள், ரஞ்சித்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது துப்பாக்கி எங்கே என்பதுதான் கேள்வி. இல்லாததை எப்படிக் காட்டுவான்? இல்லை என்றால் அடி விழுந்தது. துப்பாக்கியையும் காலித் தோட்டாக்களையும் சென்னை லேபுக்கு அனுப்பினார்கள். லேப் ரிப்போர்ட் வந்ததும் பையனையும் சென்னைக்கு ஏற்றிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அந்த வருஷம் அப்படிச் சென்னைக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜெயசீலி தினமும் டிபன் கேரியரோடு ஸ்டேஷனுக்கு எதிரே புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். தணிகாசலம் ஒரு பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஓடிவந்த பாஞ்சாலி இன்னொரு பக்கம். அவள் வாய் சும்மா இருக்குமா? நான் இல்லாத நாள் பார்த்து ஆகாத கை பூஜையில் பட்டது, வீட்டு ஆம்பளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டது என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாள். மகனைப் பறிகொடுத்தவள் வேறு யாரை அடிப்பாள்? கைக்கெட்டிய ஆளைத்தான்.

கேரியரை உள்ளே எடுத்துப் போகிறவர் கண்ணப்பன் என்கிற கான்ஸ்டபிள். சாப்பாட்டுப் பிரியர். முதல் நாள், ரசம் வாசனை தூக்குதே, நம்ப பங்கும் சேத்து ஊத்தும்மா என்று கேலி பேசினார். அடுத்த நாள் கேரியர் பாதிச் சோற்றோடு திரும்பி வந்தது. அதற்கடுத்த நாள் அவர் கேலி பேசவில்லை. கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எங்கேயோ பார்த்தார்.

"நாளிக்கிலர்ந்து கஞ்சியா எடுத்தாம்மா" என்றார். "டம்ளர்ல ஊத்திக் குடிக்கிற மாரி."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. சோறு பிசைய முடியாத கை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். இரும்பின் நடுக்கத்தைப் படிக்கிற விரல்கள் அவை.

சென்னை லேபில் இந்தப் பொருள் மதிவதனி என்கிற அதிகாரியம்மாவின் மேஜைக்குப் போனது. அவர் அந்தத் துப்பாக்கியில் புதுத் தோட்டா போட்டுச் சுட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் குழி நட்டநடுவில், ஆழமாக. இரண்டாவது தோட்டாவோடு அச்சாகப் பொருந்தியது. முதல் தோட்டாவோடு பொருந்தவே இல்லை. முதல் தோட்டா இந்தத் துப்பாக்கியில் சுட்டதல்ல என்று ஒரு வரி எழுதினால் அவர் வேலை முடிந்தது.

ஆனால் அவருக்கு அந்த வரி எழுத மனம் வரவில்லை. தோட்டாவின் முதுகில் ஊசி மட்டுமா படுகிறது? வெடிக்கிற வேகத்தில் அந்த முதுகு இரும்பு முகத்தின்மேல் போய் மோதுகிறது. இரும்பில் இருக்கிற கீறல் எல்லாம் பித்தளையில் பதிந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்தக் கீறல்கள் இரண்டு தோட்டாவிலும் ஒன்றாகவே ஓடின. முகம் ஒன்றுதான், குத்து மட்டும் வேறு; ஏன் வேறு என்று காட்டாமல் ஒரே துப்பாக்கி என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். அது ஒன்று. இன்னொன்று, அந்த லேசான குழியின் ஓரத்தில் கடுகில் பாதியளவு சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. துரு என்றுதான் முதலில் நினைத்தார். ஒரு சொட்டு அமிலம் விட்டார். சிவப்பு மஞ்சளாகிவிட்டது. துரு மஞ்சளாகாது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்கிற குங்குமம்தான் அப்படி ஆகும். தோட்டாவின் முதுகில் குங்குமம் எப்படி வந்தது? துப்பாக்கியில் தேடினார், ஒன்றும் இல்லை. லேபுக்குப் போகிற பொருள் அழுக்காகப் போகக் கூடாதே என்று நம் கண்ணப்பன் அதை மண்ணெண்ணெய் விட்டுப் பளபளவென்று துடைத்து அனுப்பியிருந்தார். மரக்கட்டையில் இருந்த பொட்டுகூடப் போய்விட்டது.

எழுதுவதற்கு முன்னால் நேரில் பார்த்துவிடலாம் என்று மதிவதனி துப்பாக்கியோடு கிளம்பி வந்தார். ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டது எது தெரியுமா? சுவரோரம் வரிசையாகச் சங்கிலி போட்டு நிறுத்தியிருந்த போலீஸ் ரைபிள்கள். ஒவ்வொன்றின் மரத்திலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமம்.

அவர் இன்ஸ்பெக்டரிடம் ஒன்றும் சொல்லாமல் தணிகாசலத்தைக் கூப்பிட்டு, துப்பாக்கிக்குப் பூஜை போட்டீர்களா என்று கேட்டார். போட்டோம், மருமகள் பொட்டு வைத்தாள், மரக்கட்டையில் வைத்தாள், நான் பார்த்தேன் என்றார் அவர். ஜெயசீலியைக் கூப்பிட்டார்கள். பாஞ்சாலியும் கூடவே வந்து வாசலில் நின்றாள். எங்கே பொட்டு வைத்தாய் என்ற கேள்வி வந்தது.

கண்ணுகளா, அந்தப் பெண்ணின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கிற விதத்திலேயே பொட்டில் ஏதோ கோளாறு என்று மட்டும் புரிந்துவிட்டது. ஆமாம், உள்ளே வைத்தேன் என்றால் ஆகாத கை என்று மாமியார் சொன்னது மெய்யாகிவிடும். வல்லத்தில் தாய்க்குத் தெரிந்தால் சத்தியம் மீறியவள் ஆவாள். புருஷனுக்கு அதனால் நன்மையா, இன்னும் கேடா, அதுவும் தெரியாது.

"மரத்துல தாங்க" என்றாள். "வேற எங்கியும் வெக்கல."

மதிவதனி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு பையை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மணி பார்த்தார். பையனை இன்றைக்கே சென்னைக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்துவிட்டது, நீங்கள் போகிற ஜீப்பிலேயே ஏற்றிவிடலாம் என்றார்.

ரஞ்சித்தை வெளியே கூட்டிவந்தார்கள். ஜெயசீலி அவனை அந்த நாட்களில் அப்போதுதான் பார்க்கிறாள். வலது கையில் ஈரத் துண்டு ஒன்று சுற்றியிருந்தது. அவன் அதை இன்னொரு கையால் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான். அவளைப் பார்த்துவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அதுதான் அவளை உடைத்தது.

"மேடம்" என்றாள். "நான் பொய் சொன்னேன். உள்ளயும் வெச்சேன்."

"உள்ள எங்க?"

பாஞ்சாலி வாசலிலிருந்து முனகினாள். ஜெயசீலி திரும்பவில்லை. மதிவதனி துப்பாக்கியை எடுத்து மடக்கித் திறந்து அவள் முன்னே நீட்டினார். இந்த இடமா, அந்த இடமா என்று அவர் எதையும் தொட்டுக் காட்டவில்லை. காட்டினால் அது சாட்சி ஆகாது. ஜெயசீலியின் மோதிர விரல் தானாகவே போய் அந்தச் சின்னத் துளையின்மேல் நின்றது.

"மிஷினுக்கு மூஞ்சில வெக்கணும்னு இவருதான் சொன்னாரு" என்று அழுதாள்.

ஊசி வருகிற துளையைச் சந்தனம் அடைத்துக் காய்ந்திருந்தால், ஊசி அதை உடைத்துக்கொண்டு வர வேண்டும், அதனால் குத்து பலமில்லாமல் விழும், அதோடு சந்தனமும் வெளியே வந்துவிடும், அடுத்த குத்து ஒழுங்காக விழும் என்று மதிவதனி இன்ஸ்பெக்டருக்கு விளக்கினார். இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. புருஷனைக் காப்பாற்ற இவள் எதையும் சொல்வாள் என்றார். அப்படியென்றால் அதே மாதிரி வைத்துப் பார்த்துவிடலாம் என்றார் அந்த அம்மா. மேலிடத்துக்குப் போன் செய்து ஒரு நாள் தவணை வாங்கினார்கள். நாளை பொழுது சாய்வதற்குள் ஆளை அனுப்பியாக வேண்டும் என்று உத்தரவு.

ஸ்டேஷன் பூஜை அலமாரியிலிருந்தே சந்தனமும் குங்குமமும் எடுத்து ஜெயசீலியையே வைக்கச் சொன்னார்கள். மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போய்ச் சுட்டார்கள். மதிவதனி தோட்டாவை எடுத்துப் பார்த்தார். குழியின் ஆழம் குறைந்துதான் இருந்தது. ஆனால் அது நட்டநடுவில் இருந்தது. ஓரம் போகவில்லை.

இன்ஸ்பெக்டர் தோட்டாவை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். மதிவதனியும் வாதாடவில்லை. பாதி பொருந்துகிறது, பாதி பொருந்தவில்லை, பாதியை வைத்து என்னால் எழுத முடியாது என்று ஜெயசீலியிடம் மெல்லச் சொன்னார். பாஞ்சாலி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஜெயசீலி கண்ணப்பனைக் கேட்டாள், ராத்திரி துப்பாக்கியை எப்படி வைத்தீர்கள் என்று. அவர் பெருமையாகச் சொன்னார். பொட்டு கலையக் கூடாது என்று, மூஞ்சி மேலே பார்க்கிற மாதிரி மேஜைமேல் அணை கொடுத்து, குழந்தையைத் தூங்க வைப்பது போல வைத்தாராம்.

"எங்க வூட்ல அப்படி இல்லீங்க" என்றாள் அவள். "தையல் மிஷின்மேல சாஞ்சினு இருந்துச்சு. மறுநாள் நான் பாத்தப்ப பொட்டு கீழ வழிஞ்சி, அழுத கண்ணு மாரி இருந்துச்சு. அடியில தடியா காஞ்சிகினு."

மதிவதனி நிமிர்ந்து பார்த்தார். பழைய துப்பாக்கி, துளைக்குள் ஊசிக்குக் கொஞ்சம் ஆட்டம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் தடித்துக் காய்ந்தால் ஊசி எதிர்ப்பக்கம் தள்ளிப் போகும்தான். ஆனால் மறுபடி காய வேண்டுமே, பொழுது சாய்வதற்குள்?

அப்போது இன்ஸ்பெக்டர் செய்ததை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் துப்பாக்கியைத் தானே எடுத்துப் போய், ஜெயசீலியைப் பொட்டு வைக்கச் சொல்லி, ரைட்டர் மேஜையில் சாய்த்து நிறுத்தி, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தார். அன்று முழுக்க வேர்வையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அந்த ஈரத் துண்டை அவரும் பார்த்திருப்பார்.

பொழுது இறங்குகிற நேரத்தில் மறுபடி ஏரிக்கரை. தணிகாசலம், பாஞ்சாலி, ஜெயசீலி எல்லோரும் தள்ளி நின்றார்கள். கண்ணப்பன் வானத்தைப் பார்த்து விசையை இழுத்தார்.

'ளொக்.'

வெடிக்கவில்லை. எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். பிறகு வெடித்தது. கொக்குகள் எழுந்து பறந்தன.

தணிகாசலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முதல் நாளே சொன்ன நொடி அது, யாரும் காதில் போட்டுக்கொள்ளாத அந்த ஒரு நொடி. மதிவதனி காலித் தோட்டாவை எடுத்து லென்ஸில் பார்த்துவிட்டு லென்ஸோடு சேர்த்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். மையம் தவறி, ஓரத்தில், நகம் பட்டது போல ஒரு வடு. அதன் விளிம்பில் கொஞ்சம் சிவப்பு. அடுத்த தோட்டாவையும் சுடச் சொன்னார். குழி நட்டநடுவில், ஆழமாக விழுந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டையும் வெகுநேரம் பார்த்தார்.

ரஞ்சித்தை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். மன்னிப்பு என்று யாரும் வாய் திறக்கவில்லை. கெளம்புய்யா என்று மட்டும் சொன்னார்கள். அவன் வெளியே வரும்போது கண்ணப்பன் வேப்பங்குச்சியால் ஒவ்வொரு ரைபிளிலிருந்தும் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்; இன்ஸ்பெக்டர் உத்தரவாம்.

மகன் வந்துவிட்டான், கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ரஞ்சித்தின் வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டும் முழுசாக மடங்கவில்லை. வைத்தியம் பார்த்தார்கள். ஓரளவு மடங்கியது, ஆனால் உணர்ச்சி சரியாகத் திரும்பவில்லை. உளி இறங்குவது விரலுக்குத் தெரியவில்லை என்றான். பட்டறை முதலாளி நல்லவர், அவனை வேலையை விட்டு அனுப்பாமல் சின்னப் பையன்களுக்கு அளவு சொல்கிற வேலையில் வைத்துக்கொண்டார். தணிகாசலம் துப்பாக்கியை அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிட்டார். வல்லத்தில் தாய் ஒரு மாதம் மகளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் மருமகனின் கையைப் பார்த்துவிட்டுத் தைலத்தோடு வந்து நின்றாள். அவளும் பாஞ்சாலியும் அந்தக் கையை மாற்றி மாற்றி நீவிவிட்டார்கள். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமலே நீவினார்கள்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் ரஞ்சித் சந்தனக் கிண்ணத்தை எடுத்தான். குங்குமத்தைக் கிள்ளப் பார்த்தான். கட்டைவிரலும் மோதிர விரலும் சேரவில்லை, குங்குமம் சிந்தியது. அவன் கிண்ணத்தை ஜெயசீலியிடம் நீட்டினான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு வருஷமாக அவள் எந்தப் பொருளுக்கும் பொட்டு வைத்ததில்லை.

"எனுக்கு வெரல் கேக்கல" என்றான் அவன். "நீயே வை. மூஞ்சி பாத்து வை."

அவள் சிரிக்கவில்லை. பாஞ்சாலிதான் பக்கத்தில் வந்து, வைம்மா, உன் கைதான் உண்மை சொல்லி அவனைக் கொண்டுவந்தது என்றாள். ஜெயசீலியின் விரல் அந்த வட்ட முகம் வரைக்கும் போனது. துளைக்கு எதிரே வந்ததும் நின்றது. பிறகு மெல்ல விலகி, லேத்தின் கைப்பிடியில், யாருக்கும் எதற்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில், ஒரு சின்னப் பொட்டு வைத்தது. ரஞ்சித் கற்பூரத்தை இடது கையால் ஏற்றினான்.

மழை விட்டிருக்கிறது, கண்ணுகளா. பார்த்து நடந்து போங்கள், சேறாக இருக்கும். உங்கள் வீட்டில் வைக்கிற பொட்டும் ஏற்றுகிற மெழுகுவர்த்தியும் யாருக்கும் வினையாகாமல் நிற்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற பிள்ளைகள் போன கையோடும் காலோடும் பொழுதிருக்கத் திரும்பட்டும். கஞ்சி எடுத்துக்கொண்டு மரத்தடியில் காத்திருக்கிற நாள் உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வராதிருக்கட்டும். உங்கள் அடுப்பில் வடிக்கிற சோற்றை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் கையாலேயே பிசைந்து, வயிறாரச் சாப்பிடுங்கள்.